டர்பன் பெற்றோர்களே, லைஃப் ஓரியன்டேஷன் (பள்ளியில் நடத்தும் வாழ்க்கைத் திறன் பாடம்) வகுப்பு பற்றி ஒரு உதவி வேண்டும்

சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம், மகள் 9ஆம் வகுப்பு. லைஃப் ஓரியன்டேஷனில் டீச்சர் கர்ப்பம், எச்ஐவி வரை நடத்திவிட்டு, தன்பால் ஈர்ப்பு, திருநர் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் "அதெல்லாம் வீட்டில் கேளுங்கள்" என்று முடித்துவிடுகிறார். தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கிறது என்று சொன்ன ஒரு பிள்ளையின் பக்கத்தில் இப்போது இடைவேளையில் யாருமே உட்காருவதில்லையாம். அந்தப் பிள்ளைக்காகவாவது இந்தப் பாடம் வேண்டும்.

போன டெர்மிலேயே டீச்சரிடம் பேசினேன், அப்புறம் பிரின்சிபாலுக்கு ஈமெயில், பதில் இல்லை. பள்ளி நிர்வாகக் குழுவில் கேட்டால் நம் கலாசாரத்துக்கு ஒத்துவராது என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பின் 9ஆம் பிரிவே பாலியல் நாட்டத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும்போது இதை எப்படி ஏற்பது.

அடுத்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதப் போகிறேன். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இப்படி எழுதிப் பாடத்தை நடத்த வைத்தவர்கள், எந்தப் பொறுப்பில் இருப்பவருக்கு எழுதினீர்கள்?