வீட்டில் பார்பெல் பயிற்சி: 5×5-ஆ, 5/3/1-ஆ?

வணக்கம் நண்பர்களே. மனம் போன போக்கில் எடை தூக்குவதை விட்டுவிட்டு, இனி ஒரே திட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றலாம் என்றிருக்கிறேன். பார்பெல், பெஞ்ச், போதிய தட்டுகள் உண்டு. ஸ்குவாட்டுக்கு (பாரை முதுகில் வைத்து உட்கார்ந்து எழுவது) பாரைத் தாங்கி நிற்கும் ரேக் மட்டும் இல்லை.

முதலில் கண்ணில் பட்டது ஸ்ட்ராங்லிஃப்ட்ஸ் 5×5, அதாவது ஐந்து தடவை வீதம் ஐந்து செட். வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் ஸ்குவாட், முடித்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூடுதல். எளிமைதான். ஆனால் ரேக் இல்லாமல் ஸ்குவாட்டுக்குப் பாரைத் தரையிலிருந்து தூக்கித் தலைக்கு மேல் கொண்டுபோய்த்தான் முதுகில் இறக்க வேண்டும். கால் தாங்கும், தோள் தாங்காது! தோளுக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ்ஸில் 2.5 கிலோ ஏற்றமே சீக்கிரம் முட்டி நிற்கிறது. என்னிடமுள்ள சிறிய தட்டு 1.25 கிலோ, இரு பக்கமும் போட்டாக வேண்டுமே.

இன்னொன்று 5/3/1: வாரத்துக்கு வாரம் 5, 3, 1 என்று தடவைகள் குறையும் திட்டம். இதில் எடை ஏற்றம் சில வாரங்கள் கொண்ட சுழற்சிக்கு ஒருமுறைதான். பொறுமையான திட்டம், ஆனால் புதியவருக்கு ரொம்ப மெதுவோ என்று தோன்றுகிறது.

ரேக் வாங்கும்வரை ஸ்குவாட்டுக்குப் பதில் ஃப்ரன்ட் ஸ்குவாட் (பாரை முன்தோளில் வைத்துச் செய்வது), லஞ்ச் (lunge, ஒரு காலை முன்வைத்து இறங்கி எழுவது) வைத்து 5×5 செய்தவர்கள் உண்டா? அப்புறம், தனியாக பெஞ்ச் பிரஸ் செய்பவர்கள், தட்டு சரிந்து விழ வசதியாகக் காலர் (தட்டு நழுவாமல் பிடிக்கும் கிளிப்) மாட்டாமல்தான் செய்கிறீர்களா?