மாருதி 800 ஹெட்: போர்ட்டை எவ்வளவு கடையலாம்?

சின்னவண்டி:
1996 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, சித்தப்பாவிடமிருந்து வந்தது. ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் குடிக்க ஆரம்பித்ததால், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை இறக்கியாகிவிட்டது. இறக்கியதுதான் இறக்கினோம், அதில் காற்று உள்ளே வருகிற, புகை வெளியே போகிற வழியான போர்ட்டையும் பெரிதாக்கிவிடலாமே என்று ஓர் ஆசை. லேத் பட்டறைக்காரர் "முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்கிறார். என்னிடமும் ஒரு டை கிரைண்டர் இருக்கிறது. நாலு பேர் ஏறி ஏசியும் போட்டால் கல்லாறு தாண்டி குன்னூர் ஏற்றத்தில் வண்டி இரண்டாம் கியரில் திணறுகிறது, அது மாறினால் போதும்.

கிரீஸ்கை:
தம்பி, முதலில் கிரைண்டரை எடுத்து உள்ளே வையுங்கள். ஒரு சிலிண்டருக்கு 265 சிசி, இரண்டே வால்வு. அதற்குக் கம்பெனி கொடுத்த போர்ட் ஒன்றும் குறைச்சல் இல்லை. அகலப்படுத்தினால் காற்றின் வேகம் விழும், வேகம் விழுந்தால் கார்புரேட்டரிலிருந்து வருகிற பெட்ரோல் துளிகளை அதனால் தூக்கிக்கொண்டு போக முடியாமல் அவை சுவரில் ஒட்டி வழியும், நீங்கள் கேட்கிற அந்த ஏற்றத்து இழுவைதான் முதலில் போகும். அகலமான போர்ட் பலன் தருவது ரேஸ் வண்டி மாதிரி எப்போதும் உச்ச ஆர்பிஎம்மில் ஓட்டுகிறவனுக்கு. கண்ணாடி பாலிஷும் காற்று உள்ளே வருகிற இன்டேக்குக்கு வேண்டாம், 80 நம்பர் எமரியோடு நிறுத்துங்கள். புகை வெளியே போகிற எக்ஸாஸ்ட் பக்கம் மழமழவென்று ஆக்கலாம், கரி சீக்கிரம் ஒட்டாது.

உண்மையான வேலை வால்வுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. வால்வு உட்காருகிற சீட் வளையம் ஹெட்டின் அலுமினியத்தோடு சேரும் இடத்தில் படி மாதிரி ஒரு விளிம்பு நிற்கும், அதை இழைத்துவிடுங்கள். சீட்டை ஒட்டிய குறுகலான தொண்டையின் விட்டம் வால்வு விட்டத்தில் 85 முதல் 90 சதவீதம் இருந்தால் போதும். அப்புறம் சீட்டை 30, 45, 60 டிகிரி என்று மூன்று கோணத்தில் வெட்டச் சொல்லுங்கள். பாலிஷுக்குக் கொடுக்கிற காசை அதற்குக் கொடுங்கள்.

ஓட்டைவாளி:
அவர் சொல்வதைக் கேளுங்கள், நான் கேட்காதவன். போர்ட் வளைவின் உள்பக்கம் ஒரு குட்டை வளைவு இருக்கிறதே, காற்று திரும்பச் சிரமப்படுகிற இடம் அதுதான் என்று எங்கேயோ படித்துவிட்டு என் பழைய பத்மினி காரின் ஹெட்டில் ஆர்வக்கோளாறில் தோண்டினேன். சுவர் மெல்லிசாகி ஒரு நாள் தண்ணீர்ப் பாதையே எட்டிப் பார்த்தது. ஆர்கான் வெல்டிங் வைத்தும் நிற்கவில்லை, ஹெட் காயலான் கடைக்குப் போனது. அந்த வளைவில் கூர்முனையை மட்டும் மழுக்குங்கள், ஆழம் வேண்டாம். வேலை செய்யும்போது சீட்டில் கீறல் விழாமல் பழைய வால்வை மாட்டிக்கொள்ளுங்கள், அலுமினியம் கிரைண்டரின் வெட்டுமுனையான பர்ரில் அப்பிக்கொள்ளும் என்பதால் அடிக்கடி மண்ணெண்ணெயில் தொட்டெடுங்கள். முடிந்ததும் மூன்று தடவை கழுவுங்கள், ஒரு தூள் எண்ணெயில் கலந்தாலும் பேரிங் காலி.

சின்னவண்டி:
நன்றி அண்ணா. அப்படியானால் ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகக் கடைகிற பேசிங்கில் கொஞ்சம் அதிகமாக எடுத்துக் கம்ப்ரஷனை (கலவை நசுக்கப்படும் அளவை) ஏற்றினால்?

கிரீஸ்கை:
நேராகும் அளவுக்கு மட்டும் எடுங்கள். அதிகம் எடுத்தால் சாதாரண பெட்ரோலில் ஏற்றத்தில் நாக்கிங் (கலவை தாறுமாறாக எரிவதால் எழும் தட்டல்) வரும், ஹெட் கீழே இறங்குவதால் கேம் டைமிங்கும் (வால்வு திறந்து மூடும் நேரமும்) லேசாகப் பிந்தும். இருப்பதே 37 குதிரைத்திறன், பத்து சதவீதம் கூடினாலும் நாலு குதிரை வராது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்த்து, ஏற்றத்தில் ஏசியை அணைத்தாலே வித்தியாசம் தெரியும். அதெல்லாம் இருக்கட்டும், கேஸ்கெட் ஏன் போனது? ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறதா?

சின்னவண்டி:
அதை இதுவரை பார்க்கவே இல்லை. சாயங்காலம் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.