மறு: உரிமப் பொருத்தமா, உரிம ஏற்புடைமையா?

வணக்கம். ஓர் உரிமத்தில் வந்த நிரலை வேறு உரிமத்தில் உள்ள மென்பொருளில் சேர்க்கலாமா என்பதைக் குறிக்கும் "license compatibility"-க்குத் தமிழில் எந்தச் சொல் என்ற கேள்விக்கு இது பதில்.

> "உரிமப் பொருத்தம்" என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. பொருத்தம் என்றதும் இரு பக்கமும் சமம் என்றாகிவிடுகிறது. உரிமங்களிலோ போக்கு பெரும்பாலும் ஒருவழிதான். கட்டுப்பாடு குறைந்த அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ள நிரலகத்தை (library), மாற்றி வெளியிடுவதையும் அதே உரிமத்தில் தரக் கோரும் ஜிபிஎல் (GPL) உரிமத்தின் 3-ஆம் பதிப்பில் உள்ள மென்பொருளில் சேர்த்து, மொத்தத்தையும் ஜிபிஎல் 3-இல் வெளியிடலாம். ஜிபிஎல் நிரலைச் சேர்த்துக்கொண்டு மொத்தத்தையும் அப்பாச்சி உரிமத்தில் வெளியிட முடியாது.

இணையத் தொடர்பை மறையாக்கும் நிரலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லையே (OpenSSL) பாருங்கள். அதன் பழைய உரிமத்தில் ஒரு விளம்பர விதி உண்டு: அதன் வசதிகளைக் குறிப்பிடும் விளம்பரங்களில் நன்றிக் குறிப்பு இடம்பெற வேண்டும். தான் அனுமதிக்காத கூடுதல் கட்டுப்பாடு எதையும் ஜிபிஎல் ஒப்பாது. ஆகவே அதைப் பயன்படுத்த விரும்பிய ஜிபிஎல் திட்டங்கள் பல, ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு சேர்க்க அனுமதிக்கும் ஒரு விலக்குப் பத்தியைத் தம் உரிமத்தோடு தனியாக எழுதிச் சேர்த்தன. நிரல் எழுதிய பலரிடம் பதிப்புரிமை சிதறிக் கிடந்தால் அத்தனை பேரின் சம்மதமும் தேவை, லேசான வேலையில்லை. 2021-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3.0 பதிப்பு அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறியது. ஜிபிஎல் 3 திட்டங்களுக்குச் சிக்கல் தீர்ந்தது. "ஜிபிஎல் 2 மட்டும்" என்று அறிவித்தவற்றுக்குத் தீரவில்லை. காப்புரிமை வழக்குப் போட்டால் காப்புரிமை அனுமதி ரத்தாகும் என்ற அப்பாச்சி விதியும் ஜிபிஎல் 2-இல் இல்லாத கூடுதல் கட்டுப்பாடுதான் என்பது ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. "2 அல்லது பிந்தையது" என்று எழுதியவர்கள் 3-க்கு நகர்ந்து தப்பலாம்.

இந்த ஒருவழிப் போக்கைச் சொல்ல "ஏற்புடைமை"யே தோது. "அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 3-க்கு ஏற்புடையது. ஜிபிஎல் 2-க்கு ஏற்புடையதன்று." எது எதற்குள் போகலாம் என்பதை நான்காம் வேற்றுமையே காட்டிவிடுகிறது.

"இணக்கம்" வேண்டாம். உரிம விதிகளைக் கடைப்பிடிப்பதற்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. ஒரே ஆவணத்தில் இரண்டும் வந்தால் படிப்பவர் திண்டாடுவார். "ஒத்திசைவு" கோப்புகளை ஒரேபோல் வைத்திருக்கும் "sync"-க்குப் போய்விட்டது. நீளம் கருதி "உரிம ஏற்பு" என்று சுருக்குவதும் சரிவராது, நிறுவும்போது வரும் "ஏற்கிறேன்" பொத்தானைத்தான் நினைவூட்டும்.

பிறர் எழுதி நாம் கூடவே சேர்த்துத் தரும் நிரலுக்கு "புறக்கூறு" போதும் என நினைக்கிறேன். எச்சரிக்கைச் செய்தி இப்படி அமையும்: "இந்தப் புறக்கூறின் உரிமம் உங்கள் திட்டத்தின் உரிமத்துக்கு ஏற்புடையதன்று." மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லை இதே வாக்கியத்தில் பொருத்தி அனுப்புங்கள்.