மறு: மெய்நிகர் எந்திரத்தை சர்வருக்குக் கொண்டுபோக ஒரு சொல் வேண்டும்

திண்டுக்கல், செவ்வாய் இரவு

குழுவினர்க்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் தமிழில் ஓர் ஆய்வகக் கையேடு எழுதி வருகிறேன். பாதிப் பேர் பத்தாவது வரை தமிழ்வழியில் படித்த பிள்ளைகள். வெள்ளி காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஒன்பதாம் பயிற்சியில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

பயிற்சி இதுதான்: மேசைக்கணினியின் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் உள்ள மெய்நிகர் எந்திரத்தை (விஎம், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) முறைப்படி அணைக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் (இடையில் சேமித்து வைத்த நிலை) இருந்தால் ஒன்றுசேர்த்துவிட வேண்டும். அதன் வட்டுக்கோப்பை விடிஐ வடிவிலிருந்து கியூகவ்2 வடிவுக்கு மாற்றி, மெய்நிகர் எந்திரங்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் சர்வருக்கு அனுப்பி, அங்கே புதிதாக உருவாக்கிய எந்திரத்தில் இணைத்து ஓட்ட வேண்டும். மைக்ரேஷன் என்கிறோமே, அதற்கு "இடப்பெயர்வு" என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா? மெய்நிகர் எந்திரத்தைத் தன்னுள் ஓட்டும் கணினியை ஹோஸ்ட் என்கிறோம், அதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.

கும்பகோணம், புதன் காலை

தம்பி, பெயர்வது தன்வினை, பெயர்ப்பது பிறவினை. எந்திரம் தானே எழுந்து போகிறதா, மாணவர் கொண்டுபோகிறாரா? தொல்காப்பியர் மரபியலில் வழிநூல் வகைகளைச் சொல்லும்போது "மொழிபெயர்த்து" என்றுதான் வைத்தார். நாமும் மொழிபெயர்ப்பு என்கிறோம். மொழிபெயர்வு என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே இடப்பெயர்ப்பு.

எந்திரம் என்று எழுதியது மகிழ்ச்சி தந்தது. ஐங்குறுநூற்றின் 55ஆம் பாட்டில் கரும்பு பிழியும் எந்திரம் களிற்றுக்கு எதிராகப் பிளிறுகிறது. புறநானூறு 322இல் அதன் ஒலி கேட்டுப் பக்கத்து நீரில் வாளைமீன் துள்ளுகிறது. வடசொல் என்று பலர் இதைத் தள்ளுகிறார்கள். ஏந்து என்னும் வினையடியிலிருந்து ஏந்திரம், எந்திரம் என வந்தது என்பது என் நெடுநாள் கருத்து. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

சேலம், புதன் காலை

ஐயாமீது மதிப்பு உண்டு. ஆனால் எந்திரம் "யந்த்ர" என்பதன் தமிழ் வடிவமே. சங்கப் பாட்டில் இருப்பதாலேயே தனித்தமிழ் ஆகிவிடாது. பொறி என்று எழுதலாமே.

கும்பகோணம், புதன் நண்பகல்

பொறி என்றால் தீப்பொறி, எலிப்பொறி, ஐம்பொறி எல்லாம் முன்னே வந்து நிற்கும். மாணவர் எதைப் பிடிப்பார்?

யாழ்ப்பாணம், புதன் மாலை

ஐயா, நீங்கள் சொல்லும் இலக்கணம் சரி. ஆனால் அந்தச் சொல் எனக்கு மனதுக்கு ஒவ்வவில்லை. எங்கட பக்கத்தில் இடப்பெயர்வு என்றால் 1995 ஒக்டோபர் 30. போர் நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த இரவு. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மம்மாவின் தையல் மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டி, மழைக்குள் அப்பா உருட்டிக்கொண்டு வந்தார். சனம் நெருக்கியடித்ததில் ஓரடி வைக்க எவ்வளவு நேரம் நின்றோம் என்று இப்பவும் நினைவிருக்கு. கணினி வகுப்பில் பிள்ளை ஒன்று "இடப்பெயர்வு வெற்றி" என்று திரையில் வாசிக்கிறதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெயர்ப்பு என்று திருத்தினாலும் எங்களுக்கு அது அதே சொல்தான். வேறு ஏதேனும் பாருங்கோ.

சென்னை, புதன் இரவு

அக்கா எழுதியதைப் படித்த பிறகு இடப்பெயர்வை விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறது.

பதினைந்து வருடமாக சர்வர் நிர்வாகம் பார்க்கிறேன். எங்களுக்குள் "விஎம்-ஐ மூவ் பண்ணியாச்சா" என்றுதான் பேசிக்கொள்கிறோம். எந்தச் சொல் வைத்தாலும் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது: உண்மையில் எதுவும் நகர்வதில்லை. நகல்தான் போகிறது, பழையது மேசைக்கணினியிலேயே இருக்கும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஓர் இரவு கணக்கு மென்பொருள் ஓடிய எந்திரத்தை சர்வருக்கு ஏற்றினோம். வலையட்டையின் அடையாள எண்ணான மாக் முகவரியையும் மாற்றாமல் அப்படியே வைத்தோம். காலையில் யாரோ பழைய மேசைக்கணினியைப் போட, அதிலிருந்ததும் எழுந்துவிட்டது. ஒரே ஐபி, ஒரே மாக், இரண்டு எந்திரம். பில் போடுபவர் ஒரு நிமிடம் உள்ளே இருப்பார், அடுத்த நிமிடம் வெளியே. எது உண்மையான தரவு என்று பிரித்தெடுக்க இரண்டு நாள் ஆனது. கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள் சார்.

இன்னொன்று. போன இடத்தில் வன்பொருள் வேறாகத் தெரியும். லினக்ஸ் என்றால் விர்ச்சுவல்பாக்ஸில் ஈஎன்பி0எஸ்3 என்றிருந்த வலையட்டை பிராக்ஸ்மாக்ஸில் பெரும்பாலும் ஈஎன்எஸ்18 ஆகிவிடும். பழைய பெயரை நம்பி எழுதிய அமைப்புக்கோப்பு வேலை செய்யாது, எந்திரம் எழும், வலை இருக்காது. விண்டோஸ் என்றால் விர்ட்ஐஓ இயக்கியை (மெய்நிகர் வன்பொருளுக்கான டிரைவர்) முன்கூட்டியே போடாமல் வட்டை அந்த வகையில் இணைத்தால் நீலத்திரைதான். என் ஓட்டு "இடமாற்றம்". எல்லாருக்கும் புரியும்.

தஞ்சாவூர், வியாழன் அதிகாலை

அண்ணன் சொன்ன கடைசிப் பத்தியைப் படித்ததும் எனக்கு எங்கள் வயல்தான் நினைவுக்கு வந்தது. நாற்றங்காலில் விட்ட நாற்றைப் பறித்து, வேர்மண்ணை அலசி, முடி கட்டி, வயலில் நடுகிறோம். நட்ட சில நாள் பயிர் வெளுத்து, துவண்டு நிற்கும். வேர் பிடித்த பிறகுதான் நிமிரும். மேசைக்கணினி நாற்றங்கால். சர்வர் வயல். எந்திரத்தை மொத்தமாகக் கட்டி அனுப்பும் ஓவிஏ கோப்பு நாற்று முடி. வலையட்டையைச் சரிசெய்யும் வரை துவண்டு நிற்பதும் அதேதான். "நடவு" என்று சொல்வோமே? மெய்நிகர் எந்திர நடவு. எந்தப் பிள்ளைக்கும் விளக்கவே வேண்டாம்.

சேலம், வியாழன் காலை

அழகு. ஆனால் சர்வரிலிருந்து சர்வருக்கு நகர்த்தும்போது? வயலிலிருந்து வயலுக்கு நடவு செய்வதில்லையே. நகரத்துப் பிள்ளைக்கு நாற்றங்காலையும் சேர்த்து விளக்க வேண்டியிருக்கும்.

கும்பகோணம், வியாழன் நண்பகல்

ஹோஸ்ட் பற்றி எவரும் பேசவில்லை. புரவலர் என்று சிலர் எழுதுகிறார்கள். புரவலர் பரிசில் தந்து அனுப்புபவர். வீட்டில் இருத்திக்கொள்பவர் அல்லர். உள்ளே ஓடுவதை விருந்தினர் என்றால் இது ஓம்புநர். விருந்து என்பதற்கே புதுமை என்றுதான் முதற்பொருள். தொல்காப்பியர் செய்யுளின் வனப்பு எட்டில் ஒன்றாக விருந்தை வைப்பதும் அதனால்தான். எத்தனை ஆண்டு ஓடிய எந்திரமானாலும் வேறிடம் போனதும் அங்கே அது விருந்து. வன்பொருள் புதிதாகத் தெரிகிறது என்று சென்னைத் தம்பி சொன்னதும் இதற்கு ஒத்து வருகிறது.

திண்டுக்கல், வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இடமாற்றம் என்போர் ஏழு பேர், நடவு மூவர், இடப்பெயர்ப்பு இருவர். நேரமில்லாததால் கையேட்டில் "இடமாற்றம்" என்றே போடுகிறேன். தஞ்சாவூர்த் தம்பியின் நாற்று விளக்கத்தை அவர் அனுமதியோடு பயிற்சியின் முதல் பத்தியாக வைக்கிறேன். "பழைய எந்திரத்தை மறுபடி இயக்காதீர்கள்" என்பது தடித்த எழுத்தில். ஓம்புநருக்குப் பக்கத்திலேயே ஹோஸ்ட் என்றும் தமிழெழுத்தில் இருக்கும். திரையில் மாணவர் பார்க்கப்போவது அதைத்தான். பத்தாம் பயிற்சி, ஓடிக்கொண்டிருக்கும்போதே நகர்த்துவது. அதற்கு இன்னும் பெயர் இல்லை.

சென்னை, வியாழன் இரவு

அதுவும் நகல்தான் சார், ஆனால் நினைவகத்தின் நகல். எந்திரம் ஓட ஓட நினைவகப் பக்கங்கள் மறுபக்கம் போகும். இடையில் மாறியவை மறுபடி போகும். மிச்சம் கொஞ்சமான பிறகு ஒரு கணம் நிறுத்தி, அதையும் அனுப்பி, அங்கே தொடர்வார்கள். 2005இல் ஜென் என்ற மெய்நிகராக்க மென்பொருளைக் கொண்டு கேம்பிரிட்ஜில் செய்து காட்டியபோது, ஆட்கள் விளையாடிக்கொண்டிருந்த குவேக் 3 சர்வர் நின்றது 60 மில்லிசெகண்ட். "ஓட்ட இடமாற்றம்"?

கும்பகோணம், வெள்ளி காலை

கையேடு அச்சுக்குப் போயிருக்கும். இடமாற்றம் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. அலுவலர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. போனவர் பழைய நாற்காலியிலும் உட்கார்ந்திருப்பதில்லை. ஓட்ட இடமாற்றம் அதைவிடக் கலங்கலாக இருக்கிறது.

பத்தாம் பயிற்சியைப் பற்றி இரவெல்லாம் எண்ணிப் பார்த்தேன். அங்கே எந்திரம் நிற்காமல், தன் வேலையைச் செய்துகொண்டே போகிறது. தன்வினை பொருந்தும் இடம் அதுதான். பெயர்வு என்றே எழுதலாம். ஆனால் யாழ்ப்பாணத்து மகள் எழுதியதைப் படித்த பின் அதை முன்மொழிய எனக்கு மனம் வரவில்லை. வேறு வினையடி எவருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.