‘விண்டோ பீரியட்’: ‘எட்டாக் காலம்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எச்.ஐ.வி. பரிசோதனையில் வழங்கும் ‘விண்டோ பீரியட்’ என்பதற்குச் ‘சாளரக் காலம்’ என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உள்ளது. சாளரம் என்றதும் வெளிச்சமும் காட்சியும்தான் மனத்தில் எழுகின்றன. இங்கே குறிக்கப்படுவதோ, கிருமி உடலுக்குள் வந்த பின்னும் சோதனை அதைக் காட்டாத நாட்கள்.

‘மறைகாலம்’ அழகான சொல்தான். ஆனால் இந்நோயில் வேறொரு மறைவும் உண்டு: தொடக்கக் காய்ச்சல் தணிந்த பின், மருந்து உண்ணாதவருக்கும் பல ஆண்டுகள் அறிகுறியின்றிக் கழியக்கூடிய இரண்டாம் கட்டம். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைப்பது நல்லது.

‘புலப்படாக் காலம்’ என்பதில் இன்னும் பெரிய இடர் இருக்கிறது. கூட்டு மருந்துகளை நாள் தவறாமல் உட்கொள்பவரின் இரத்தத்தில் கிருமியின் அளவு புலப்படா நிலைக்கு இறங்கி, அந்நிலை நீடிக்குமானால், பாலுறவின் வழியாக அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை. நாம் பெயரிட முயலும் காலமோ இதற்கு நேர்மாறானது: கிருமியை எதிர்க்க உடல் ஆக்கும் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகியிராது, கிருமி பெருகியிருக்கும், தொற்றும் வாய்ப்பும் மிகுந்திருக்கும். இவ்விரண்டிற்கும் ஒரே அடைமொழி கொடுத்தால் அது சொற்குழப்பத்தோடு நிற்காது. ஒருவருடைய துணைக்கும் தீங்காய் முடியலாம்.

ஆகவே ‘எட்டாக் காலம்’ என்பதை முன்வைக்கிறேன். தொற்று இருக்கிறது, சோதனையின் கைக்கு அது எட்டவில்லை; குறை சோதனையின் எல்லையிலே தவிர மனிதரிடம் இல்லை. ‘பிடிபடாக் காலம்’ என்றும் எண்ணிப் பார்த்தேன்; குற்றவாளியைத் தேடும் தொனி அதில் இருப்பதால் கைவிட்டேன். மேலும், ஒவ்வொரு சோதனைக்கும் எட்டும் தொலைவு வேறு என்பதையும் இச்சொல் தானே உணர்த்திவிடும். கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனைக்கு எட்டாக் காலம் 10 முதல் 33 நாள். நாளத்து இரத்தத்தில் கிருமியின் பி24 புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் ஆய்வகச் சோதனைக்கு 18 முதல் 45 நாள். எதிர்ப்பொருளை மட்டும் தேடுவதற்கு 23 முதல் 90 நாள்.

‘எட்டாம் காலம்’ என்று தவறாகப் படிக்க இடமுண்டு என்பதை மறுக்கவில்லை. முதன்முறை ‘சோதனைக்கு எட்டாக் காலம்’ என்று முழுமையாக எழுதினால் அந்த ஐயம் நீங்கும்.

‘காத்திருப்புக் காலம்’ மட்டும் வேண்டவே வேண்டாம். தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடும் என்று அஞ்சுபவர் 72 மணி நேரத்திற்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் உண்ண வேண்டும்; காத்திருக்கச் சொல்லும் பெயர் அவரை வீட்டிலேயே இருத்திவிடும்.

இந்தியாவில் இத்தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் நம்பிக்கை மையத்திற்கு வருபவரிடம் இதை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டுமா? ‘இன்றைய சோதனையில் தொற்று தென்படவில்லை, எட்டாக் காலம் முடிந்ததும் மறுபடி வந்து சோதித்துக்கொள்ளுங்கள்’ என்ற வாக்கியத்தை உரக்கச் சொல்லிப் பார்த்து, காதுக்கு எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்.