யூனிவர்சிட்டிக்கு ஃபுட்பால் ஆடிவிட்டு வாத்தியாராக வந்த பி.டி. சார்: உங்கள் அனுபவம்? (ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

இடதுகால்

சார் யூனிவர்சிட்டி டீமுக்கு மிட்ஃபீல்டு ஆடியவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆடி யாரும் பார்த்ததில்லை. காலையில் அறிவியல் பாடம், சாயங்காலம் வாலிபால், ரிலே, ஃபுட்பால் மூன்றும் அவர்தான். மூன்றிலும் கப் வாங்கிக் கொடுத்தார். நான் எழுத வந்தது கப்பைப் பற்றி இல்லை.

ஒருநாள் வாலிபால் பிராக்டீஸ். பக்கத்து கிரவுண்டிலிருந்து ஃபுட்பால் ஒன்று உயரமாக எங்கள் பக்கம் வந்தது. சார் செருப்புக் காலோடு நிற்கிறார், கையில் அட்டென்டன்ஸ் நோட்டு. நோட்டைக் கீழே வைக்கவே இல்லை. பந்தைத் தொடையில் வாங்கினார், அது தரையைத் தொடுவதற்குள் இடது காலால் ஒரே உதை. நாற்பது மீட்டர் தள்ளி நின்ற பையன் ஓரடிகூட நகரவில்லை, பந்து நேராக அவன் நெஞ்சில் போய் இறங்கியது. கிரவுண்டே அமைதியாகிவிட்டது.

சார் உடனே குனிந்து செருப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது அது வேறு முகம். "சர்வீஸ் யாருடா?" என்றார். என் கையில்தான் பந்து இருந்தது. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், ஏன் சார் ஆடுறதை நிறுத்தினீங்க என்று. இருபது வருஷமாகிறது. இன்னும் உறுத்துகிறது.

செட்டர்

நான் வாலிபாலில் செட்டர், அடிக்கிறவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். எங்கள் சாருக்கு வாலிபாலே தெரியாது. அவரும் உங்கள் சார் மாதிரி ஃபுட்பால்காரர். வந்த முதல் வாரம் டீம் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது என்னைக் கூப்பிட்டு, "நீ தூக்குற பந்து மட்டும் சுத்தாமப் போகுது. எப்படின்னு எனக்குச் சொல்லிக்கொடும்மா" என்றார். எனக்கு வயசு 13. அவர் கட்டைவிரல் ரெண்டையும் பிடித்து, நெற்றிக்கு மேலே முக்கோணம் மாதிரி வைத்துக் காட்டினேன். பத்துத் தடவை தப்பாகத் தூக்கினார். பதினோராவது பந்து சரியாகப் போனபோது என்னைத்தான் பார்த்தார்.

அவர் பங்குக்குக் கொண்டு வந்தது வேறு. வலைக்கு அந்தப் பக்கம் ஆறு நாற்காலி போடுவார். நாங்கள் திரும்பி நிற்கும்போது ஒன்றை எடுத்துவிடுவார். திரும்பிய கணமே எந்த இடம் காலி என்று கத்த வேண்டும். "ஆளைப் பார்க்காதே, ஆள் இல்லாத இடத்தைப் பாரு." ஃபுட்பாலில் பாஸ் போடப் பழகிய கண் அது. இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் முதலில் காலி இடம்தான் என் கண்ணில் படும்.

ஈட்டி

செட்டர் எழுதியதைப் படிக்க நன்றாக இருக்கிறது. உங்களுக்கு வாய்த்தவர் கேட்டுக் கற்றுக்கொண்டவர். எனக்கு வாய்த்தவர் கேட்கவில்லை.

ஃபுட்பால் த்ரோ-இன் தெரியும்தானே? இரண்டு கையும் பந்தில், இரண்டு காலும் தரையில், தலைக்குப் பின்னாலிருந்து எறிய வேண்டும். அதை வைத்துக்கொண்டு ஈட்டி எறியச் சொல்லிக் கொடுத்தார். ஈட்டியின் வேகம் ஓட்டத்தில் பிறந்து, முன்கால் ஊன்றும் இடத்தில் இடுப்புக்கு ஏறி, கடைசியில்தான் கைக்கு வரும். நான் இரண்டு வருஷம் வெறும் கையால் எறிந்தேன். ஒருநாள் எறிந்தபோது முழங்கையின் உள்பக்கம் ஏதோ அறுந்த மாதிரி சத்தம், எனக்கே கேட்டது. அன்றைக்குத்தான் என் ஈட்டி அதுவரை இல்லாத தூரம் போயிருந்தது. சார் கை தட்டிக்கொண்டே வந்தார். அந்தக் கைதட்டல்தான் எனக்கு உறுத்துகிறது. இன்றும் வலது கையால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது.

மூன்று விளையாட்டில் ஜெயித்தார், நான்கில் ஜெயித்தார் என்று எழுதும்போது நான்காவதில் யார் உடம்பு போனது என்றும் எழுதுங்கள்.

மூன்றாவது லெக்

ஈட்டி, உங்கள் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் செய்த தப்பை வைத்து ஃபுட்பால்காரர் வேறு எதையும் சொல்லிக்கொடுக்கவே கூடாது என்பதுபோல் ஆகிவிடுகிறது. அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்று ஒருவர் இருந்தார். யேல் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்க ஃபுட்பால் ஆடியவர். 1892-லிருந்து 1932 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் அதே ஆட்டத்துக்குக் கோச். அங்கேயே பேஸ்பாலுக்கும் தடகளத்துக்கும் அவர்தான். பாஸ்கெட்பால் பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டில் 1892 மார்ச் 11-இல் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நடந்த முதல் பொது ஆட்டத்தில் ஆசிரியர் அணி 5-1 என்று தோற்றது. அந்த ஒரு கூடையைப் போட்டது ஸ்டாக். புது ஆட்டத்தில் மாணவர்கள் எதிரில் இறங்கித் தோற்கத் தயாராக இருந்த வாத்தியார் அவர். செட்டரின் சாரும் அந்த ரகம்தான் என்பேன்.

என் கதை சின்னது. ரிலேயில் மூன்றாவது ஆள் நான், ஃபைனலில் பேட்டன், அதாவது கைமாற்றும் குச்சி, நழுவியது. சார் ஒன்றும் சொல்லாமல் டேப் எடுத்துவந்து நான் எப்போது கிளம்ப வேண்டும் என்று காட்டும் அடையாளத்தை அளந்தார், அரை அடி தள்ளி ஒட்டினார். அவ்வளவுதான்.

இங்கே படிக்கிற பி.டி. ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 4x100 ரிலேயில் பேட்டனைக் கைமாற்றும் பகுதி இப்போது 30 மீட்டர். முன்பு 20 மீட்டரும், அதற்கு முன்னால் வேகமெடுக்கத் தனியாக 10 மீட்டரும் இருந்தது. பழைய கோட்டை வைத்தே இன்னும் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து மாற்றுங்கள். பகுதிக்குள் இருக்க வேண்டியது பேட்டன், ஓடுகிறவரின் உடம்பு இல்லை. முதல் ஆளும் மூன்றாவது ஆளும் வளைவில் ஓடுகிறார்கள், அவர்களுக்கு வலது கை. இரண்டாவது, நான்காவது ஆளுக்கு இடது கை. ஓடும்போது கை மாற்றவே கூடாது. வாங்குகிறவர் தான் நிற்கும் இடத்திலிருந்து தன் பாதத்தால் பின்னோக்கி அளந்து அடையாளம் போட வேண்டும். இருபது இருபத்தைந்து பாதத்தில் தொடங்கி, பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். வருகிறவர் அந்த அடையாளத்தைத் தொட்டதும் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. முக்கியமாக, மெதுவாக ஓடி அடையாளம் வைக்காதீர்கள். போட்டி வேகத்தில் அது பொய்யாகிவிடும். நான் நழுவவிட்டது அதனால்தான்.

முழங்கால்

இடதுகால், உங்கள் கேள்விக்கு உங்கள் சார் சார்பில் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானும் யூனிவர்சிட்டிக்கு ஆடி வாத்தியாரானவன், அதனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். யாரும் என்னை மோதவில்லை. கால் புல்லில் ஊன்றியிருந்தது, உடம்பு மட்டும் திரும்பியது. ஏ.சி.எல்., முழங்காலுக்குள் இருக்கும் முக்கியமான தசைநார், போய்விட்டது. இன்று ஒரு பந்தை நன்றாக உதைத்துவிட்டால் முழங்கால் வலிப்பதற்கு முன்னால் வேறு ஒன்று வலிக்கும். அந்த நேரத்தில் என் முகத்தைப் பசங்க பார்க்கக் கூடாது என்று நானும் குனிந்து லேஸ் கட்டியிருக்கிறேன்.

ஆனால் நேற்று ராத்திரி என்னைத் தூங்கவிடாதது ஈட்டி எழுதியதுதான். என்னிடமும் ஈட்டி எறிகிற பொண்ணு ஒருத்தி இருக்கிறாள். போன மாதத்திலிருந்து தூரம் கூடிக்கொண்டே வருகிறது, நானும் கை தட்டிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை கிரவுண்டில் கூப்பிட்டு, "எங்கேயாவது வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார்." மறுபடியும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். "எத்தனை நாளா?" "லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து சார்."

ஈட்டிகளை ஸ்போர்ட்ஸ் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவளுக்கு என் மேல் கோபம், போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

ஈட்டி

உள்பக்கமா வெளிப்பக்கமா என்று நீங்கள் எழுதவில்லை. உள்பக்கம் என்றால் போட்டி போகட்டும் சார், முதலில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சுண்டுவிரல் மரத்துப்போகிறதா என்றும் கேளுங்கள், எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. அவளாகச் சொல்ல மாட்டாள். நான் சொல்லவில்லை.