டர்னில் ஃப்ளஷ் டிரா: ஜெயித்த பிறகும் அந்த கால் தப்பா?

பிறை_வாசி:
வணக்கம். வெள்ளிக்கிழமை இரவுகளில் பட்டர்வொர்த்தில் நண்பர் வீட்டில் டெக்சஸ் ஹோல்டம் போக்கர் சீட்டு ஆடுவோம். காசு கிடையாது, வெறும் சில்லுதான். என் கையில் ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் 8. டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) வரை மேசையில் ஆர்ட்டின் கிங், ஆர்ட்டின் 6, கிளாவர் ஜாக், இஸ்பேட் 3. இன்னொரு ஆர்ட்டின் விழுந்தால் எனக்கு ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு). பாட்டில் (நடுவில் குவிந்த பந்தயத்தில்) 100 சில்லு. எதிராளி 50 வைத்தார், நானும் 50 வைத்து கால் செய்தேன். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) ஆர்ட்டின் 2 விழுந்து எல்லாம் எனக்கே. ஆனால் கூட ஆடிய அண்ணன், "எதிர்பார்ப்பு மதிப்புப்படி (சராசரி லாப நஷ்டப்படி) அது நஷ்டம்" என்கிறார். ஜெயித்ததில் ஏது நஷ்டம்? யாராவது விளக்குங்களேன்.

ஆயர்_ஈத்தாம்:
தம்பி, கால் செய்யும்போது ரிவர் சீட்டு உங்களுக்குத் தெரியாதே. பிறகு விழுந்த சீட்டை வைத்து அந்த முடிவை எடைபோட முடியாது. நீங்கள் பார்க்காத சீட்டு 46, அதில் ஆர்ட்டின் 9. ஒவ்வொரு சீட்டும் ஒரு முறை விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 9 முறை 150 (பாட் 100, அவர் வைத்த 50) வரும்: 1350. 37 முறை 50 போகும்: 1850. 500 துண்டு விழுகிறது. 46ஆல் வகுத்தால், ஒரு காலுக்கு ஏறக்குறைய 11 சில்லு நஷ்டம்.

அவர் 25 மட்டும் வைத்திருந்தால்? வரவு 1125, செலவு 925. இப்போது லாபம்! சீட்டு அதேதான், கேட்ட விலைதான் வேறு.

செந்தூல்_வாசி:
கொஞ்சம் பொறுங்கள். எதிராளியிடம் வெறும் கிங் ஜோடி என்றால் ஏஸ் விழுந்தாலும் ஜெயிப்புதான். இன்னும் 3 ஏஸ் சேர்த்தால் 12 சீட்டு. வரவு 1800, செலவு 1700. 50க்கும் கால் செய்யலாம். அவர் என்ன காட்டினார்?

பிறை_வாசி:
கிளாவர் கிங், டைமண்ட் ஜாக். இரண்டு ஜோடி. சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

ஆயர்_ஈத்தாம்:
அப்போ ஏஸ் உதவாது. ஆர்ட்டின் ஜாக் விழுந்தால் உங்களுக்கு ஃப்ளஷ், அவருக்கு அதைவிடப் பெரிய ஃபுல் ஹவுஸ் (மூன்று ஜாக், இரண்டு கிங்)! நிஜத்தில் 8 சீட்டுதான். மேசையில் இதெல்லாம் தெரியாதுதான். ஆனாலும் மிரட்டாத ஆள் பாதிப் பாட் வைத்தால் ஏஸை நம்பி எண்ணாதீர்கள்.

இன்னொன்று: ஃப்ளஷ் விழுந்தபின் ரிவரில் அவரிடம் சராசரியாக இன்னும் 56 சில்லு கறக்க முடியுமென்றால் 9 சீட்டுக்கே கால் கட்டுபடியாகும். அவர் முன்னால் எவ்வளவு மீதி?

பிறை_வாசி:
30 இருக்கும், அண்ணே.

ஆயர்_ஈத்தாம்:
அப்படியானால் ஃபோல்ட் (சீட்டைப் போட்டு விலகுவது)தான்.